நான்கரை பவுண்டு எங்கே விழுகிறது?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் குடியேறிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரி நாள்களில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஏ.ஆர்-15 ரைஃபிள் ஒன்றை வாங்கி, 100 கஜத்தில் காகித இலக்கைச் சுட்டுப் பழகுகிறேன். அடுத்த கோடையில் இதே மாநிலத்துக் கேம்ப் பெர்ரி சுடுதளத்தில், படைத் துப்பாக்கி வகைகளுக்கான சர்வீஸ் ரைஃபிள் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. துப்பாக்கியோடு வந்த டிரிகர், மணலுக்குள் இழுப்பதுபோல் நெருடுகிறது. மூன்று பவுண்டு அழுத்தத்தில் விடுபடும் ஒற்றைநிலை டிரிகர் போடச் சொல்கிறார் நண்பர். இருநிலைதான் சரி என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: கடைக்காரர் பேச்சைக் கேளுங்கள். நான் அடிக்கடி சொல்லும் வாக்கியம் அல்ல இது.

நண்பர் சொல்லும் டிரிகரோடு போனால் உங்களைச் சுடவே விடமாட்டார்கள். அந்தப் போட்டியை நடத்தும் சி.எம்.பி. அமைப்பின் விதிப்படி சர்வீஸ் ரைஃபிளின் டிரிகர் குறைந்தது 4.5 பவுண்டு, அதாவது சுமார் 2 கிலோ எடையைத் தாங்க வேண்டும். குழல் மேல்நோக்கி நிற்க, டிரிகரில் எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியல் விழுந்தால் அந்தத் துப்பாக்கி தேறவில்லை. ஆகவே எந்த டிரிகர் இலேசானது என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. நான்கரை பவுண்டு எப்படியும் இருந்தாக வேண்டும். அந்தச் சுமை உங்கள் விரலில் எந்தக் கணத்தில் விழுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஒற்றைநிலையில் விரல் வைத்த இடத்திலேயே முழு எதிர்ப்பும் காத்திருக்கிறது. பூச்சியத்திலிருந்து நான்கரை வரை அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும், குறிமுள்ளோ இலக்கின் மேல் ஆடிக்கொண்டிருக்கும். இருநிலையில் முதல் இரண்டரை பவுண்டை, மூச்சை அடக்கி நிலைகொள்ளும்போதே கொடுத்துவிடலாம். டிரிகர் சற்றுத் தூரம் மென்மையாக நகர்ந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும். குறி அமையும் கணத்தில் மிச்சம் இருப்பது இரண்டு பவுண்டுதான். எடைக்கல்லுக்கு நான்கரை, விரலுக்கு இரண்டு! 200 கஜத்தில் நின்றபடி சுடும்போது இந்த வித்தியாசம் மதிப்பெண்ணில் தெரியும். 600 கஜத்தில் படுத்துச் சுடும்போதும் தெரியும்.

உங்கள் விரலுக்கு இது புதிதாகவும் இராது. என்.சி.சி.யில் நீங்கள் சுட்டது லீ-என்ஃபீல்டு வகைப் பழைய .22 என்றால், அதிலும் முதல் அழுத்தம், இரண்டாம் அழுத்தம் என்று இரண்டு உண்டு. அமெரிக்கர்களின் பழைய படைத் துப்பாக்கிகளான எம்1 கேரண்ட், எம்14 ஆகியவையும் இருநிலைதான். எம்16 வந்தபோதுதான் ஒற்றைநிலை அவர்களுடைய படைத் துப்பாக்கியில் நிலைத்தது. உங்கள் ஏ.ஆர்-15-இல் இருப்பது அந்த வழியில் வந்த டிரிகர். படைத்தர அளவின்படி அது 5.5 முதல் 9.5 பவுண்டு வரை எங்கும் இருக்கலாம். நீங்கள் சொல்லும் மணலுக்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உள்ளே இருக்கிறது. சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் விளிம்பு எவ்வளவு ஆழமாகப் பற்றியிருக்கிறதோ, அவ்வளவு தூரம் அது உரசி வழுக்கி விலக வேண்டும். பற்றுதலைக் குறைத்தால் நெருடல் போய், கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விடுபடும். ஆனால் இது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட் முன்னால் வந்து அறைகிறது, துப்பாக்கியே அதிர்கிறது. நூலிழையில் தொங்கும் சுத்தியல் அந்த அதிர்வில் நழுவினால், நீங்கள் இழுக்காமலே இன்னொரு குண்டு போகும். கையால் போல்ட்டை இயக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. இருநிலை டிரிகரோ ஓய்வில் ஆழமாகப் பற்றிக்கொண்டிருக்கும். முதல் அழுத்தத்தின்போதுதான் பெரும்பகுதி விலகும், சுவரில் நிற்கும்போது மெல்லிய விளிம்பு மட்டும் மிஞ்சும். பாதுகாப்பும் கூர்மையும் ஒரே டிரிகரில் கிடைப்பது இப்படித்தான்.

இதனால் ஒற்றைநிலை மட்டமாகிவிடாது. மூன்று வகைத் துப்பாக்கிகளோடு ஓடிக்கொண்டே பக்கத்துப் பலகைகளை அடுத்தடுத்துச் சுடும் த்ரீ-கன் போட்டிக்காரர்களுக்கு அதுவே பிடிக்கும். சுவரைத் தேடிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் ஏது? உங்கள் நண்பர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். டிரிகரின் முகம் தட்டையா வளைவா என்ற விவாதத்தில் என்னை இழுக்காதீர்கள். அது செருப்பு வாங்குவது மாதிரி, போட்டுப் பார்த்து வாங்க வேண்டியது.

வாங்குவதென்றால், மொத்தம் 4.5 பவுண்டு வரும் இருநிலை டிரிகர்களான கெய்சலி எஸ்.எஸ்.ஏ., லரூ எம்.பி.டி. இரண்டில் ஒன்றைப் பாருங்கள். லரூ விலையில் வெகு குறைவு, வேலையில் குறைவில்லை. கெய்சலியிலேயே எஸ்.எஸ்.ஏ.-ஈ என்று ஒன்று உண்டு. தொட்டுப் பார்த்தால் மனம் மயங்கும், ஆனால் அது 3.5 பவுண்டு, உங்கள் போட்டிக்கு ஆகாது. வாங்குமுன், டிரிகரையும் சுத்தியலையும் தாங்கும் ஊசிகளுக்காக உங்கள் துப்பாக்கியில் இருக்கும் துளையின் விட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவான அளவு 0.154 அங்குலம்; கோல்ட் நிறுவனத்தின் பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் பெரிய துளை இருக்கும். பழைய டிரிகரிலேயே மெல்லிய சுத்தியல் ஸ்பிரிங்கைப் போட்டு இலேசாக்கும் குறுக்குவழி வேண்டாம். அடிபட்டதும் தீப்பற்றும் பிரைமர் கடினமாக உள்ள ராணுவ வகைத் தோட்டாக்கள் வெடிக்காமல் நிற்கும், அதுவும் நேரம் ஓடும் வேகச் சுற்றில்.

மாட்டியபின், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டுச் சோதியுங்கள். டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து விடுங்கள், சுத்தியல் விழக்கூடாது. விரலை மெல்லத் தளர்த்தினால் 'டிக்' என்று ஒலி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே அரத்தை எடுக்காதீர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒரே இழுப்பில் இரண்டு குண்டு போகும் துப்பாக்கி உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் இயந்திரத் துப்பாக்கி வரையறைக்குள்ளும் உங்களைத் தள்ளிவிடக்கூடும். துப்பாக்கியின் மேல்பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சுத்தியலை வெறுமனே அடிக்க விடுவதும் கூடாது, உள்ளே உலோகம் அடிவாங்கும்.

வேகச் சுற்றுக்கு ஒரு பழக்கம் வேண்டும். புதியவர்கள் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் விரலை முழுக்க எடுத்துவிட்டு, முதல் அழுத்தத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த 'டிக்' கேட்கும் வரை மட்டும் தளர்த்தினால் போதும். இதைத் தோட்டா இல்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்தே பழகலாம்; ஒவ்வொரு முறையும் டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். தினமும் இருபது முறை போதும்.

பழைய டிரிகரைத் தூக்கி எறியாதீர்கள். பயன்படுத்தப் பயன்படுத்த ஸ்பிரிங் சற்றுத் தளரும். ஏப்ரலில் நான்கரையைத் தாங்கியது ஜூலையில் தாங்காமல் போகலாம். புறப்படும் வாரம் வீட்டிலேயே எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பழையதையும் அதன் இரண்டு ஊசிகளையும் ஒரு சிறிய பையில் போட்டுக் கேம்ப் பெர்ரிக்கு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு நெருடினாலும் எடைச் சோதனையில் அது தோற்காது.