வாரம் ஒரு பயிற்சி, சனி ஞாயிறில் ஐந்து மேட்ச்: சரியா?

டல்லாஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மகனுக்கு 13 வயது, வயதுக்கு மீறிய உயரம். ஏஏயூ (அமெரிக்காவில் பள்ளிக்கு வெளியே சிறுவர் போட்டிகளை நடத்தும் அமைப்பு) அணியில் கூடைப்பந்து ஆடுகிறான். வாரம் ஒரு நாள் பயிற்சி, சனி ஞாயிறில் நாலைந்து மேட்ச். ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் மகனுக்கு கிளப்பில் மூன்று நாள் பயிற்சி, ஒரே மேட்ச். 'இங்கேதான் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்' என்கிறார் அண்ணன். உண்மையா?"

பாதி உண்மை. ஊரை மாற்ற வேண்டாம், ஆனால் அந்தப் பயிற்சி–மேட்ச் கணக்கை மாற்றியே ஆக வேண்டும்.

ஐரோப்பாவில் சிறுவர் அணி பெரும்பாலும் ஒரு கிளப்பின் கீழ்ப்படி. பையன் நன்றாக வந்தால் அதே கிளப்பின் பெரியவர் அணிக்கு ஆடுவான். ஒப்பந்தம் முடியும் முன்பே அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவுக்குப் போனால் கிளப்புக்குப் பணம் வரும். அதனால் 14 வயதில் கோப்பை கிடைக்காவிட்டால் யாருக்கும் தூக்கம் கெடாது. இன்றைய என்பிஏ நட்சத்திரம் லூகா டோன்சிச் 13 வயதில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போனார், 16 வயதில் பெரியவர் அணியில் இறங்கினார். என்பிஏவுக்கு வந்ததே 2018இல் ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீக் கோப்பையை வென்ற பிறகுதான். ஏஏயூ அணியை நடத்துபவருக்கோ பெற்றோர் கட்டும் கட்டணம்தான் வருமானம், கல்லூரிப் பயிற்சியாளர்களின் பார்வைதான் விளம்பரம். இரண்டுக்கும் மேட்ச் வேண்டும். சிறுவயதில் இத்தாலியில் வளர்ந்த என்பிஏ நட்சத்திரம் கோபி பிரையன்ட் 2015இல் ஏஏயூவைச் சாடியதும் அடிப்படை ஆட்டத்தைக் கற்றுத் தருவதில்லை என்றுதான்.

உங்கள் மகனின் உயரம்தான் எனக்குக் கவலை. ஜெயிக்கும் அவசரத்தில் இருப்பவர் அவனைக் கூடைக்குக் கீழே நிறுத்திவிடுவார்: கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்டை) எடு, குட்டைப் பையனிடம் கொடு, ஓடு. இப்போது புள்ளிகள் குவியும். 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிட்டால், பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரியாமல் முழிப்பான். ஐரோப்பியப் பயிற்சியில் அடிக்கடி பார்க்கலாம்: அணிக்கு மூன்று பேராக மூன்றுக்கு மூன்று ஆட்டம், டிரிப்ளிங் (பந்தைத் தரையில் தட்டுவது) கூடாது. பந்து கைக்கு வந்ததும் ஒரு காலை ஊன்றித் திரும்பி, கூடையை நோக்கித் திடீரென ஓடுபவனைக் கண்டுபிடித்து பாஸ் கொடுக்க வேண்டும். உயரமானவனுக்கும் இதேதான். 2014இல் என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 41ஆவதாகத் தேர்வான செர்பியாவின் உயரக்காரர் நிகோலா யோகிச் மூன்று முறை எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) ஆனதில் அவருடைய பாஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்காக அமெரிக்க முறை மட்டம் என்று எண்ண வேண்டாம். தனியாளாக எதிராளியைத் தாண்டிப் புள்ளி எடுப்பது அங்கே ரத்தத்தில் ஊறியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் அமெரிக்காவின் ஸ்டெஃப் கரி என்ன செய்தார் என்று பிரான்ஸ்காரர்களைக் கேளுங்கள். 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானதால், காற்று திசை மாறியும் வீசுகிறது. 2024இல் ரியல் மாட்ரிட்டிலிருந்து யெகோர் டியோமின் பிஒய்யூ பல்கலைக்கழகத்துக்கும், பார்சிலோனாவிலிருந்து காஸ்பரஸ் யாகுசியோனிஸ் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கும் வந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? என்பிஏவும் யுஎஸ்ஏ பாஸ்கெட்பால் அமைப்பும் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலே 12–14 வயதுக்கு வாரம் 2 மேட்ச், 2 முதல் 4 பயிற்சி, மொத்தம் 10 மணி நேரத்துக்குள் என்கிறது. அடுத்த சீசனுக்குப் பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் அதைக் காட்டுங்கள். வாரம் எத்தனை பயிற்சி, என் மகனைப் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேற விடுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால், பள்ளி அணியோ பக்கத்தில் பொழுதுபோக்காக ஆடும் ரெக் லீக்கோ பாருங்கள். அணியை மாற்ற வழியில்லையா, மாதம் ஒரு டோர்னமென்ட்டையாவது தவிர்த்துவிட்டு, அந்த இரண்டு நாளில் அவன் நண்பர்களோடு டிரிப்ளிங் இல்லாத மூன்றுக்கு மூன்று ஆடட்டும்.