யாருடைய ஸ்பீக்கரில் ஓடுகிறது? சைபர்பங்க் ஆட்டத்துக்குப் பின்னணி இசை: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் இசை பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். நான் நடத்துவது சைபர்பங்க் ரெட்: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம். அது நடக்கும் கற்பனை நகரம் நைட் சிட்டி என்பதால் உதாரணங்கள் எல்லாம் அதைச் சுற்றியே வரும். இதே வகை ஆட்டமான ஷேடோரன் ஆடுபவர்கள் சியாட்டில் என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் வராது.

அண்ணா, முதல் முறையாக ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆகப் போகிறேன். யூடியூபில் 'சைபர்பங்க் மியூசிக்' என்று தேடினால் எட்டு மணி நேர வீடியோக்களாகக் கொட்டுகிறது. ஒன்றைப் போட்டு விட்டால் போதாதா?

போடலாம். முதல் அரை மணி நேரம் நன்றாகவும் இருக்கும். அதற்குப் பிறகு அது யார் காதிலும் விழாது. நூடுல்ஸ் வாங்கும்போதும் அதே இசை, துப்பாக்கி வெடிக்கும்போதும் அதே இசை என்றால் விழாமல்தான் போகும்.

பாட்டைத் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் காட்சியில் இது யாருடைய ஸ்பீக்கரில் ஓடுகிறது? பார் என்றால் அதற்கு ஒரு முதலாளி இருப்பான். ஒரு காலத்தில் கூலிக்குச் சுட்டுக்கொண்டிருந்தவன், இப்போது முழங்கால் போய் கடை போட்டிருக்கிறான். அவன் தன் இருபது வயதில் கேட்ட பாட்டைத்தான் போடுவான், இன்றைய ஹிட்டை அல்ல. சட்டம் எட்டாத காம்பேட் ஸோன் பகுதி அடுக்ககத்தின் மாடிப்படி என்றால் ஒவ்வொரு தளத்திலும் வேறு வேறு பாட்டு. சுவரைத் தாண்டி வருவது பேஸ் மட்டும்தான். கார்ப்பரேட் வரவேற்பறையில் ஓடும் பியானோவை எந்த மனிதரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார், ஏதோ ஒரு துறை ஒப்புதல் கொடுத்திருக்கும்.

உடலில் இயந்திர உறுப்பு பொருத்தும் ரிப்பர்டாக் டாக்டரின் கிளினிக் ஒன்றுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ஃப்ரிட்ஜின் உறுமல் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே சுவர்த் திரையில் வலி மாத்திரை விளம்பரத்தின் ஜிங்கிள், நாற்பது நொடிக்கு ஒரு முறை, அதே மெட்டு. சிந்தசைசர் ஆப்பில் நாமே நாலு ஸ்வரம் தட்டிப் பதிவு செய்தால் போதும். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ மேஜையில் யாராவது, 'டாக்டர், முதலில் அந்த டிவியை அணைங்க' என்பார்கள். நீங்கள் கேட்காமலே ஒருவர் கதாபாத்திரத்துக்குள் போய்விட்டார் பாருங்கள்.

இந்த உலகத்தில் பணம் காதுக்கும் கேட்கும். ஏழையின் வீட்டில் அடுத்த வீட்டுச் சத்தமும் சேர்ந்து வாழும். அராசகா என்ற பெருநிறுவனத்தின் கோபுரத்தில் மேல் தளத்துக்கு லிஃப்ட் போய் நின்றதும் இசையை முழுக்க நிறுத்துங்கள். அங்கே நிசப்தம்தான் ஆடம்பரப் பொருள். கதவு திறக்கிறது, ஒரு சத்தமும் இல்லை என்றால் ஆட்டக்காரர்களும் தானாகக் குரலைத் தாழ்த்துவார்கள்.

பிளேடு ரன்னர் இசையைவிடப் பொருத்தமானது உண்டா? எங்கள் ஜிஎம் அதை மட்டும் போடவே மாட்டேன் என்கிறார்.

பாதி அவர் கட்சி நான். 1982-இல் வந்த அந்தப் படத்துக்கு வாங்கெலிஸ் போட்ட இசையை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் அதிகம் நம்பியது யமஹா சிஎஸ்-80 சிந்தசைசரை. ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி வைத்திருக்கும்போது அந்த ஒரு ஸ்வரம் மட்டும் தனியாக வீங்கும், நடுங்கும். இயந்திரம் மூச்சு விடுவது மாதிரிக் கேட்பது அதனால்தான். படம் வந்தபோது அந்த இசை வட்டாக வரவில்லை. வேறொரு ஆர்க்கெஸ்ட்ரா திரும்ப வாசித்த பதிவுதான் கடையில் கிடைத்தது. அசல் அதிகாரபூர்வமாக வெளியாக 1994 ஆயிற்று.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இசை தன் படத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. போட்ட பத்தாவது நொடியில் ஒருவர் மழையில் நின்று வசனம் பேச ஆரம்பிப்பார், உங்கள் காட்சி போச்சு. முழு கேம்பெய்னில் (பல நாள் தொடரும் ஒரே கதையில்) ஒரே ஒரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பிடித்த கதாபாத்திரம் ஒன்று செத்துப் போய், அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்துக்கு.

சண்டைக்கு வேகமான டெக்னோ போட்டால் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தலைவலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெட்டில் ஒரு ரவுண்ட், அதாவது எல்லோருக்கும் ஒரு முறை வந்து போவது, கதைக்குள் சுமார் 3 நொடி. மேஜையில் அந்த மூன்று நொடிக்கு ஆளுக்கொரு முறை பகடை உருட்டி, கவசத்தைக் கழித்து, 'இந்தச் சுவர் மறைப்பா இல்லையா' என்று வாதாடி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். நீங்கள் கூட்டலில் இருக்கும்போது பாட்டு மட்டும் தலைதெறிக்க ஓடினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

அதனால் வேகத்தைவிடக் கனம் முக்கியம். நிமிடத்துக்கு 90 முதல் 110 தட்டு, உச்சம் எட்டி வெடிக்காத பாட்டு. டிரம் அண்ட் பேஸ் கணக்குக்கு 170-ஐத் தொடும், ஆனால் அதன் பேஸ் பாதி வேகத்தில் நடப்பதால் தலை மெதுவாகத்தான் ஆடும், அதனால் அது எடுபடும். பெல்ஜியத்தின் ஃபிரன்ட் 242 போன்ற பழைய இண்டஸ்ட்ரியல் குழுக்களையும் கேட்டுப் பாருங்கள், அணிவகுப்பு மாதிரி ஒரே சீராக மிதிக்கும்.

இன்னும் சுலபமான வழி கம்ப்யூட்டர் கேம்களின் இசை. திரும்பத் திரும்ப ஓடுவதற்கென்றே எழுதப்பட்டது அது. 2000-இல் வந்த டியூஸ் எக்ஸில் ஒரே இடத்துக்கு உலாவும்போது ஒரு பகுதி, பேசும்போது ஒன்று, சண்டைக்கு ஒன்று என்று பிரித்து எழுதியிருப்பார்கள். 2011-இல் வந்த அதே தொடரின் ஹியூமன் ரெவல்யூஷனுக்கு மைக்கேல் மெக்கான் செய்த இசையும் இந்த வேலைக்குத் தங்கம். ஒரே இடத்தின் மூன்று முகங்களை எடுத்து வைத்துக்கொண்டால் சண்டை மூளும்போது இடம் மாறாது, நாடித்துடிப்பு மட்டும் மாறும்.

ஒரு தந்திரமும் உண்டு. யார் முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் உருட்டும் நேரத்தில் மட்டும் சத்தமாக, வேகமாக. முதல் ரவுண்ட் முடிந்ததும் கனமான துடிப்புக்கு இறக்குங்கள். யாராவது சாகும் தறுவாயில் உயிர் தப்ப டெத் சேவ் உருட்ட வேண்டி வந்தால் பாஸ் பட்டனை அழுத்துங்கள். பத்துமுகப் பகடை மரப்பலகையில் உருளும் சத்தம் மட்டும் கேட்கட்டும்.

சிந்த்வேவ் அலுத்துவிட்டது சார். வேறு எதைக் கேட்பது?

எனக்கும்தான். நியான் ஊதா, பழைய டிரம் மெஷின், சூரிய அஸ்தமனத்தில் ஒரு கார். அது 80-களை நினைத்து ஏங்கும் இசை. சைபர்பங்க் ஏக்கப்படும் வகையறா அல்ல, பல்லைக் கடிக்கும் வகையறா.

டப் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வில்லியம் கிப்சன் 1984-இல் எழுதிய நியூரோமான்சரில், விண்வெளியில் ரஸ்தஃபாரியர்கள் (ஜமைக்காவில் பிறந்த சமயத்தினர்) கட்டிய ஸயன் குடியிருப்பில் எந்நேரமும் ஓடுவது டப்தான். ஜமைக்காவில் கிங் டப்பி போன்றவர்கள் ரெகே பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை எதிரொலியில் மிதக்க விட்டார்கள். குரல் இருந்த இடம் காலி. அந்தக் காலி இடத்தில்தான் உங்கள் ஆட்டக்காரர்கள் பேசப் போகிறார்கள். பேச்சுக்கு இவ்வளவு வழி விடும் இசை வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் அமெரிக்காவின் டெட்ராய்ட். கார்த் தொழில் சரிந்த ஊரில் சிந்தசைசரை வைத்துக்கொண்டு எதிர்காலத்தைக் கற்பனை செய்த குழுக்கள் சைபோட்ரான், பிறகு டிரெக்சியா. நம் பக்கத்திலிருந்தும் ஒன்று: 1982-இல் பம்பாயில் சரண்ஜித் சிங் ரோலண்ட் டிஆர்-808, டிபி-303 என்ற இரண்டு எலக்ட்ரானிக் கருவிகளையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் கேட்டவர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறப்பதற்கு முன்பே இது எப்படி என்று வாய் பிளந்தார்கள். நைட் மார்க்கெட் காட்சிக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜப்பானியப் பகுதிக்குக் கோட்டோ (தந்தி வாத்தியம்), ஷகுஹாச்சி (மூங்கில் குழல்) போட்டால் சரியாக இருக்குமா?

சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கும். ஜப்பானியர்களே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1988-இல் வந்த அகிரா அனிமே படத்துக்கு கெய்னோ யமஷிரோகுமி குழு இந்தோனேசிய கமெலான் வாத்தியக் குழு இசையையும் ஜப்பானின் பழைய நோ நாடகக் குரலையும் கலந்தது. 1995-இல் கோஸ்ட் இன் தி ஷெல் படத்துக்குக் கென்ஜி கவாய் பழைய ஜப்பானிய மொழியில் ஒரு திருமணப் பாட்டை எடுத்து, பல்கேரிய நாட்டுப்புறப் பாணியில் குரல்களை அடுக்கினார். எதிர்கால நகரத்துக்கு இருவருமே சிந்தசைசரோடு நிற்கவில்லை, ரொம்பப் பழைய சடங்குச் சத்தத்தைத் தேடிப் போனார்கள். உங்கள் டைகர் கிளாஸ் கும்பல் சந்திக்கும் இடத்தில் தாய்கோ மேளத்தை விட, பக்கத்துக் கட்டடத்து பச்சிங்கோ சூதாட்ட மெஷின்களின் கூச்சல் உண்மையாக இருக்கும்.

தமிழ்ப் பாட்டு போடலாமா ப்ரோ?

எல்லோருக்கும் வரிகள் தெரிந்த பாட்டு என்றால் ஆட்டம் நின்று கச்சேரி ஆரம்பித்துவிடும். எந்த மொழியானாலும் மேஜையில் இருப்பவர்களுக்குப் புரியும் வரிகள் பேச்சோடு மோதும்.

ஆனால் யாருடைய ஸ்பீக்கர் என்ற கேள்வியை இங்கேயும் கேளுங்கள். ரெட் நடப்பது 2045-இல். இளையராஜாவின் 80-களின் பாட்டு அன்றைக்கு அறுபது வருடப் பழசு. நைட் சிட்டியில் அதைப் போட்டுக் கேட்பவர் யார்? தள்ளுவண்டியில் சோயா பஜ்ஜி போடும் ஒரு பெரியவர், ஊருக்குத் திரும்ப வழியில்லாதவர். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை வர்ணிக்க வேண்டாம். பாட்டின் இடையிசை மட்டும் அரை நிமிடம், மெல்லிய சத்தத்தில். போனை எவர்சில்வர் சொம்புக்குள் போட்டு ஓட விட்டால் மலிவான ஸ்பீக்கர் சத்தம் அப்படியே வரும்.

என் கேரக்டர் ராக்கர்கேர்ள் (மேடைப் பாடகி). மேடையில் பாடும்போது ஜிஎம் என்ன பாட்டு போட வேண்டும்?

எதுவுமே வேண்டாம் என்பேன். 1988-இல் மைக் பாண்ட்ஸ்மித் வெளியிட்ட சைபர்பங்க் ஆட்டத்தின் முதல் பதிப்பிலிருந்தே பாடகரும் ஒரு முக்கிய ரோல். கூட்டம்தான் அவருடைய துப்பாக்கி. சைபர்பங்க் 2077 கேமில் ஜானி சில்வர்ஹேண்ட் என்ற கதாபாத்திரத்தின் சமுராய் குழுவுக்கு சுவீடனின் ரெஃப்யூஸ்ட் குழு பாடியது. அது நன்றாக இருந்ததால் பலரும் அதையே மேஜையிலும் போடுகிறார்கள். போட்ட உடனே அது ஜானியின் பாட்டு, உங்களுடையது இல்லை.

கூட்டத்தின் சத்தத்தை மட்டும் போடச் சொல்லுங்கள். தொடங்குமுன் இரைச்சல், ஒரு கிட்டார் கேபிள் செருகும் 'டப்' ஒலி, ஃபீட்பேக். அங்கே நிறுத்திவிட்டு, பாட்டு எதைப் பற்றியது, எந்த வரியில் கூட்டம் கத்துகிறது என்று உங்களிடம் ஜிஎம் கேட்கட்டும். பகடை நன்றாக விழுந்தால் கூட்டத்தின் சத்தத்தை ஏற்றட்டும். மோசமாக விழுந்தால் இரைச்சல் அப்படியே இருக்கட்டும், கண்ணாடி பாட்டில் உடையும் சத்தம் ஒன்று சேரலாம்.

நெட்ரன்னிங் (கணினி வலைக்குள் புகுந்து ஹேக் செய்வது) நேரத்தில்?

சைபர்பங்க் 2020 என்ற முந்தைய பதிப்பில் நெட்ரன்னர் உள்ளே போனால் மற்றவர்கள் பீட்சா வாங்கப் போவார்கள் என்று ஒரு பழைய கேலி உண்டு. ரெட்டில் அவர் அணியோடு வந்து, வலைக்குள் நுழையும் ஆக்சஸ் பாயிண்டிலிருந்து 6 மீட்டருக்குள் நின்றுதான் ஹேக் செய்ய முடியும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் இசையையும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். சண்டை இசை ஓடட்டும். அவர் முறை வரும்போது மட்டும் ஈக்வலைசரில் உச்ச ஒலிகளைக் குறைத்தால் நீருக்கடியில் கேட்பது மாதிரி மழுங்கும். முறை முடிந்ததும் திரும்ப ஏற்றுங்கள்.

எங்கள் குழுவில் ஒருவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இசை ஓடினால் பேச்சு புரியவில்லை என்கிறார்.

முதலில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஜிஎம்முக்குப் பக்கத்தில்தான் இருக்கும். குரலும் இசையும் ஒரே திசையிலிருந்து வந்தால் காது பிரித்தெடுக்கத் திணறும். வேறு பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது, ஈக்வலைசரில் அந்த இடத்தை இறக்குங்கள். பாடும் குரல் உள்ள எதுவும் வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் சிரமம் என்றால் காட்சி தொடங்கும்போது இருபது நொடி போட்டு அணைத்துவிடுங்கள். அவரிடம் தனியாகக் கேளுங்கள், கூட்டத்தில் கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார்.

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி வழியாக ஆடுகிறோம். மைக் வழியாகப் பாட்டு போட்டால் விட்டு விட்டுக் கேட்கிறது.

நாய்ஸ் சப்ரெஷன் என்ற இரைச்சல் நீக்கும் வசதி உங்கள் இசையை இரைச்சல் என்று நினைத்து விழுங்குகிறது. இசைக்கென்று இன்னொரு கணக்கில் நுழைந்து, அதில் நாய்ஸ் சப்ரெஷன், எக்கோ கேன்சலேஷன் இரண்டையும் அணையுங்கள். தனிக் கணக்கு என்றால் ஒவ்வொருவரும் தன் காதுக்கு ஏற்ப அதன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். டிஸ்கார்டில் பாட்டு போட்டுக்கொண்டிருந்த க்ரூவி, ரிதம் என்ற பிரபலமான பாட்கள் (தானியங்கி நிரல்கள்) யூடியூபின் எச்சரிக்கைக்குப் பிறகு 2021-இல் மூடப்பட்டன, பழைய வழிகாட்டிகளைப் பார்த்துத் தேடி அலைய வேண்டாம். இணையத்தில் இந்த ஆட்டங்களை ஆட உதவும் ரோல்20, ஃபவுண்டரி இரண்டிலுமே பாட்டு போடும் வசதி உள்ளேயே இருக்கிறது.

நடுவில் விளம்பரம் வருகிறது!

காசு கொடுத்து வாங்கி டவுன்லோடு செய்யுங்கள். அல்லது 'நகரத்தின் விளம்பரத் திரை' என்று சொல்லிச் சமாளியுங்கள், ஒரு முறைக்கு மேல் எடுபடாது.

ஒரு ஆட்டக்காரர் தன் கேரக்டருக்கென்று நாற்பது பாட்டு பிளேலிஸ்ட் அனுப்பியிருக்கிறார். எல்லாம் போட வேண்டுமாம்.

அவரையே ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அதிலும் முப்பது நொடி. அந்தக் கேரக்டரின் காரில் ஓடுவது அதுதான் என்று முடிவு செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தத் தெருவிலாவது அந்த முப்பது நொடி தூரத்தில் கேட்டால், வண்டியை யாரோ திருடி ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று மேஜைக்கே புரியும்.