ஞாயிறு இரவுக்கு இரண்டு பன்

அன்புள்ள ஐயா,

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் நான்கு வருடமாகத் தங்கி வேலைக்குப் போய்வருகிறேன். பெருநகரத் தனிமையைப் பற்றி நான் எழுதிய சிறுகதை இரண்டு பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்நியமாதலை எழுத முதலில் மனித இருப்பை ஆராயும் இருத்தலியல் தத்துவ நூல்களைப் படிக்க வேண்டுமா? எந்த வரிசையில்? கூட்டுக் குடும்பத்திலிருந்து வந்த நமக்கு இந்தத் தனிமையே இரவல் சரக்கு என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? அவசரமாக எழுதுகிறேன், பிழைகளை மன்னிக்கவும். ஞாயிறு இரவு மெஸ் கிடையாது என்பதால் சனிக்கிழமையே இரண்டு பன் வாங்கி வைத்துவிடுவேன். அதைத் தின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

நண்பரை விட்டுவிடுங்கள். பத்துப் பேர் புழங்கும் வீட்டில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் திண்ணையிலேயே காலம் கழித்த கிழவர்களை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. தத்துவத்தைப் பிறகு படிக்கலாம்; படிக்காமலும் கதை எழுதலாம்.

கதையைப் படித்தேன். ‘கான்கிரீட் காடு’ மூன்று இடத்தில் வருகிறது. ‘தனிமை’ என்ற சொல்லை எண்ணத் தொடங்கி, பதினேழில் நிறுத்திவிட்டேன். உங்கள் நாயகனுக்குச் சம்பளம் எவ்வளவு? வாடகை எவ்வளவு? காலையில் குளியலறைக்கு அவனுக்கு முன்னால் எத்தனை வாளி வரிசையில் நிற்கிறது? ஒன்றும் இல்லை. ஜன்னலில் நின்று நிலவைப் பார்க்கிறான். நான்கு வருடம் மேன்ஷனில் இருந்தவர் எழுதுகிற ஜன்னலா இது? இது சோம்பல், எம். வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

சில நாட்களாக ரஷ்ய எழுத்தாளர் கோகலின் ‘மேல்கோட்டு’ கதையில் வரும் வரவு செலவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1842-இல் வெளிவந்த கதை. பீட்டர்ஸ்பர்க் அரசு அலுவலகத்தில் நகல் எழுதும் குமாஸ்தா அக்காக்கி அக்காக்கியெவிச். வருடச் சம்பளம் 400 ரூபிள். அவருடைய பழைய கோட்டு இனி ஒட்டுப் போடக்கூடத் தாங்காது என்று கைவிரிக்கிறான் தையல்காரன் பெத்ரோவிச். புதிதுக்கு 150 கேட்கிறான். 80-க்கு இறங்கி வருவான் என்று அக்காக்கிக்குத் தெரியும். செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் ஒரு செப்புக் காசைப் பெட்டியில் போட்டுவந்ததில், பல வருடங்களில் 40-க்குச் சற்று மேல் சேர்ந்திருக்கிறது. மிச்சம் 40-க்கு எங்கே போவது?

மாலைத் தேநீரை நிறுத்துகிறார். மெழுகுவத்தி ஏற்றுவதில்லை, எழுதியே ஆகவேண்டுமென்றால் வீட்டுக்காரியின் அறைக்குப் போய் அவள் வெளிச்சத்தில் எழுதுகிறார். பூட்ஸின் அடி தேயக்கூடாதென்று தெருக்கற்கள் மேல் நுனிக்காலால் நடக்கிறார். சலவைக்கூலி மிச்சமாக, வீட்டுக்கு வந்ததும் உள்ளாடையைக் கழற்றிவிட்டு ஒரு பழைய அங்கியோடு மட்டும் இருக்கிறார்.

40 என்ற எண் ஒரு மனிதனை நுனிக்காலில் நடக்க வைக்கிறது. எதிரே வருகிற யாருக்கும் அது ஏன் என்று தெரியாது. இவ்வளவுதான் வேலை. கோகல் அந்த இடத்தில் சொல்வதோ இதற்கு நேர்மாறானது: அவர் இப்போது தனியாள் இல்லை, வாழ்க்கைப் பாதையில் கூட நடக்க ஒரு இனிய துணை சம்மதித்துவிட்டது போல இருந்தது என்கிறார். அந்தத் துணை, கனமாகப் பஞ்சு வைத்துத் தைக்கப்போகிற கோட்டு. படிக்கிற நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது.

இதைப் படித்துவிட்டு ‘வாடகை இவ்வளவு’ என்று முதல் பத்தியில் ஒரு எண்ணைச் சொருகிவிடாதீர்கள். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் அந்த எண் செத்துப்போய்விடும். எண் உடம்பில் இறங்க வேண்டும், பசியாக, நடையாக, அணைத்த விளக்காக. அதுவரை எழுதிப் பாருங்கள். இறங்காவிட்டால் அடித்துவிடுங்கள்.

இன்னொரு தவறு, உங்கள் ஆள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே அளவில் தனியாக இருக்கிறான். அக்காக்கி தொடக்கத்தில் அப்படி இல்லை. நகல் எடுப்பதில் அவருக்கு ஆனந்தம். பிடித்தமான எழுத்துகள் சில உண்டு. அவை வந்தால் முகம் மலர்ந்துவிடும். புதுக்கோட்டு வந்த பிறகுதான் சக ஊழியர்கள் அவரை விருந்துக்கு இழுத்துப் போகிறார்கள். பல வருடங்களுக்குப் பின் இரவில் வெளியே போகிறார். அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் கொட்டாவி விடுகிறார். நள்ளிரவுக்குப் பின் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வரும்போது, வாசலறையில் அந்தக் கோட்டு தரையில் கிடக்கிறது. எடுத்து உதறி, ஒட்டியிருந்த தூசியைத் தட்டி, போட்டுக்கொண்டு இறங்குகிறார். சற்று நேரத்தில் திருடர்கள் அதைப் பறித்துவிடுவார்கள். ஆனால் எனக்குப் பறிகொடுத்த இடத்தைவிட அது தரையில் கிடந்த இடம்தான் பெரிது. ஒரு கூட்டத்துக்குள் அனுப்பாமல் உங்கள் ஆளின் தனிமையைக் காட்ட முடியாது. அந்த மேன்ஷனில் ஒரு பிறந்தநாள்கூடவா வரவில்லை?

அமெரிக்க எழுத்தாளர் மெல்வில்லின் கதையில் (1853) வரும் பார்ட்டில்பியும் நகல் எழுதுபவன்தான். நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட் தெருவில், ஒரு வக்கீல் அலுவலகத்தில் அவன் மேசை ஒரு ஜன்னலோரம். ஜன்னலிலிருந்து மூன்றடியில் சுவர். ஒரு ஞாயிறு காலை தற்செயலாக அங்கே போகிற வக்கீலுக்கு, அவன் அந்த அலுவலகத்திலேயே குடியிருப்பது தெரியவருகிறது. கண்ணில் படுபவை: சுருட்டி வைத்த போர்வை, தகரக் கிண்ணம், சோப்பு, கிழிந்த துண்டு, செய்தித்தாளில் கொஞ்சம் இஞ்சி பிஸ்கட் தூளும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும். வாரநாளில் மனிதர்கள் நெரிகிற அந்தத் தெரு ஞாயிறன்று வெறிச்சோடிக் கிடக்கும். அதனால்தான் அந்தத் தூளுக்கு அவ்வளவு கனம்.

உங்களிடமும் ஞாயிறு இருக்கிறது. அதைப் பிழைக்கு மன்னிப்புக் கேட்கிற இடத்தில் போட்டு வீணடித்திருக்கிறீர்கள். பதினான்கு பக்கக் கதையில் இல்லாத ஆள் அந்த ஒரு வரியில் இருக்கிறான், தம்பி. சனிக்கிழமை எந்தக் கடையில் வாங்குகிறான்? இரண்டு போதும் என்று எப்போது தெரிந்தது, முதல் வாரம் எத்தனை வாங்கினான்? எறும்பு ஏறாமல் எங்கே வைக்கிறான்? பக்கத்து அறைக்காரன் அதே கடையில் அதே நேரத்தில் நின்றால் இருவரும் எங்கே பார்ப்பார்கள்? நிலவை எடுத்துவிட்டு இதை எழுதி அனுப்புங்கள். நான்கு பக்கம் போதும்.

அன்புடன்,
ஆர்.