கட்டத்துக்குள்ள கட்டம்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

போன வாரம் யோசஃப் ஆல்பர்ஸ்ங்கற ஓவியர் பத்தி போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க, கலர எப்படிப் பாக்கணும்னு அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்னு. தேடிப் பாத்தேன். கட்டத்துக்குள்ள கட்டம், அதுக்குள்ள இன்னொரு கட்டம், அதுவும் நடுவுல கூட இல்ல, கீழ இறங்கி உக்காந்திருக்கு. இதையே இருபத்தஞ்சு வருஷம் வரைஞ்சாராம். என் ஆறு வயசுப் பொண்ணு ஸ்கேல் வச்சு போட்டுடுவா. நிஜமாவே இதுல ஏதாவது இருக்கா, இல்ல மியூசியத்துல மாட்டியிருக்காங்கன்னு நாமளும் தலையாட்டுறோமா? தப்பா எடுத்துக்காதீங்க.

எஸ்.

அன்புள்ள எஸ்,

இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, மொத தடவ பாத்தப்ப நானும் இதேதான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் மோசமா சொன்னேன். உங்க பொண்ணு கட்டம் போட்டுடுவா, ஒத்துக்கறேன். ஆனா அந்தாளு கட்டத்த வரையல. படத்துல ஒரு முகமோ மரமோ இருந்தா கண்ணு நேரா அங்க போயிடும், கலர யாரும் பாக்க மாட்டாங்க. அதனால பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத ஒரு உருவத்த எடுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான். கீழ இறங்கி இருக்குன்னு சொன்னீங்களே, அது கைதவறி வந்தது இல்ல: கீழ விடற இடம் ஒரு பங்குன்னா பக்கத்துல ரெண்டு, மேல மூணு. எல்லா படத்துலயும் இதே கணக்குதான். மாத்தினது கலர மட்டும்.

படத்த விடுங்க, ஒரு வேலை பண்ணுங்க. ஒரே கிரே பேப்பர்லேருந்து ரெண்டு துண்டு வெட்டி, ஒண்ண நல்ல சிவப்பு பேப்பர் நடுவுலயும் இன்னொண்ண பச்சை பேப்பர் நடுவுலயும் வைங்க, வச்சிட்டு ஒரு நிமிஷம் சும்மா பாத்துட்டே இருங்க. சிவப்பு மேல இருக்கறது லேசா பச்சையடிக்கும், பச்சை மேல இருக்கறது ரோஸ் பக்கம் சாயும். நீங்களே வெட்டின துண்டு, ஒரே பேப்பர்னு உங்களுக்கே தெரியும், இருந்தாலும் கண்ணு கேக்காது! அதே கிரேல நீளமா ஒரு பட்டை வெட்டி ரெண்டையும் தொடற மாதிரி குறுக்க வச்சாதான் அட ஒண்ணுதான்டான்னு புரியும், பட்டைய எடுத்ததும் மறுபடி பழைய கதை. போன்ல பாக்காதீங்க, பேப்பர்லயே பண்ணுங்க.

இத ஆல்பர்ஸ் கண்டுபிடிக்கல. பாரிஸ்ல கோபலான் நெசவுக்கூடத்துல சாயத்துக்கு பொறுப்பா இருந்த செவ்ரல்னு ஒரு கெமிஸ்ட், கறுப்பு நூல் கறுப்பாவே தெரியலன்னு வந்த புகார ஆராயப் போய், சாயத்துல கோளாறே இல்ல, பக்கத்துல இருக்கற கலர்தான் கெடுக்குதுன்னு கண்டுபிடிச்சாரு, 1839ல அத புக்காவும் போட்டாரு. ஆல்பர்ஸ் பண்ணது என்னன்னா இத ஒரு பாடமாக்கினது, தியரிய பின்னாடி தள்ளிட்டு கையில கத்திரியும் கலர் பேப்பரும் குடுத்து நீயே பாருன்னு விட்டது. பெயின்ட் வேணாம்னுட்டாரு, ஏன்னா ஒருதடவ கலக்கின கலர் மறுபடி அப்படியே வராது, பேப்பர்னா எத்தன தடவ வெட்டினாலும் அதே கலர். 1963ல வந்த 'இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்' புக்கு முழுக்க இந்த மாதிரி பயிற்சிங்கதான்.

ஆளும் ஒருமாதிரி வாத்தியார் டைப்தான். 1888ல ஜெர்மனில பாட்ராப்ல பொறந்தவர், அப்பா வீட்டுக்கு பெயின்ட் அடிக்கறவர். கதவுக்கு அடிக்கும்போது நடுவுலேருந்து ஆரம்பிச்சு வெளிய வா, அப்பதான் சட்டைக் கையில ஒட்டாதுன்னு அப்பா சொல்லிக் குடுத்தாராம். பின்னாடி அந்த சதுரங்களயும் அப்படியே நடுவுலேருந்துதான் அடிச்சாரு (எனக்கு அவர பிடிச்சுப் போனதே இந்த விஷயத்துலதான்). பள்ளிக்கூட வாத்தியாரா இருந்துட்டு 32 வயசுல வைமார்ல இருந்த பௌஹவுஸ்ங்கற கலைப் பள்ளியில மாணவனா போய் சேந்தாரு, கையில காசு இல்லாம வைமார் குப்பைமேட்டுல உடஞ்ச கண்ணாடி பொறுக்கி படம் பண்ணாரு, அங்கயே வாத்தியாரும் ஆனாரு. 1933ல நாஜிங்க நெருக்கடியில பௌஹவுஸ மூடினதும் அமெரிக்கா, வட கரோலினால பிளாக் மவுண்டன் காலேஜ்ல வாத்தியார் வேலை. மனைவி ஆனி, யூதக் குடும்பம், நெசவுல அவங்களும் பெரிய ஆளு, அவங்களுக்குத் தனியா எழுதணும். ஆல்பர்ஸுக்கு அப்போ இங்கிலீஷே சரியா வராது. பின்னாடி பெரிய ஓவியரான ரவுஷென்பெர்க் அங்க இவர்கிட்ட படிச்சவர்தான், ரெண்டு பேருக்கும் ஒத்தே போகல, ஆனா எனக்குக் கிடைச்ச முக்கியமான வாத்தியார் ஆல்பர்ஸ்தான்னு ரவுஷென்பெர்க்கே பின்னாடி சொன்னாரு.

நீங்க பாத்த சதுரங்கள ஆரம்பிச்சது 1950ல, 62 வயசுல. 1976ல சாகற வரைக்கும் ஆயிரத்துக்கும் மேல. ஹார்ட்போர்டுல வெள்ளை அடிச்சு, டியூப்லேருந்து எடுத்த பெயின்ட பெரும்பாலும் கலக்காம அப்படியே கத்தியால தேச்சிருக்காரு. நேர்ல பாத்தா ஓரம் ஒண்ணும் அவ்வளவு ஒழுங்கா இருக்காது. போர்ட திருப்பிப் பாத்தா எந்தக் கம்பெனி மஞ்சள், என்ன பேரு, எந்தக் கட்டத்துக்குன்னு பொடி எழுத்துல கணக்கு எழுதி வச்சிருப்பாரு. முன்பக்கம் கண்ணு ஏமாறுது, பின்பக்கம் அதுக்கான பில்லு.

எல்லாமே பிரமாதம்னும் சொல்ல மாட்டேன். ஆயிரத்துல பல படம் எனக்கு சும்மா பாடப்புத்தகம் மாதிரிதான் இருக்கு. மஞ்சள் வரிசை மட்டும் வேற மாதிரி, அதுல சிலது முன்னாடி நின்னா நடுக்கட்டம் ஒருதடவ உள்ள போகுது, ஒருதடவ வெளிய வருது, எங்கதான் இருக்குன்னு சொல்ல முடியல.

உங்க பொண்ணுகிட்ட ஸ்கேல வாங்கி வச்சிட்டு கத்திரியக் குடுங்க (முனை மழுங்கினது). ரெண்டு வேற வேற கிரே, ஒண்ணு கொஞ்சம் டார்க், ஒண்ணு கொஞ்சம் லைட், அடியில எந்த கலர வச்சா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும்னு கேளுங்க. டார்க்க டார்க் மேல வைக்கணும், லைட்ட லைட் மேல, அதுக்கு மேல க்ளூ கிடையாது. எனக்கு சரியா வர மூணு ராத்திரி ஆச்சு, அவளுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதுங்க.