லேப்டாப்பில் வெளிக் கடையில் ராம் (RAM, நினைவகம்) போட்டதற்காக வாரன்ட்டியை மறுக்கலாமா?

கேள்வி: லேப்டாப் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒரு வருட வாரன்ட்டி உண்டு. வேகம் போதவில்லை என்று வெளிக் கடையில் கூடுதல் ராம் போட்டேன். இப்போது திரையில் கோடு விழுகிறது. சர்வீஸ் சென்டரில், “சீல் உடைந்திருக்கிறது, வாரன்ட்டி செல்லாது, பணம் கட்டுங்கள்” என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் பழுது பார்க்கும் உரிமைக்கென்று, அதாவது வாங்கிய பொருளை விரும்பிய இடத்தில் சரிசெய்துகொள்ளும் உரிமைக்கென்று, இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. அதற்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளம் தகவல் தருமே தவிர, கம்பெனியைக் கட்டாயப்படுத்தாது. நீங்கள் போக வேண்டிய வழி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

சீல் உடைந்ததை மறுக்க வேண்டாம். ராம் போட்டதால்தான் திரை கெட்டதா என்று கேளுங்கள். வழக்கே அதில்தான் நிற்கிறது. கார் உதிரிபாக வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக உத்தரவிட்டபோது இதையே சொன்னது: வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலை கோளாறாகி அதனால் சேதம் வந்தால், அந்த அளவுக்கு மறுக்கலாம். அது கார் வழக்கு, சட்டமும் வேறு. இருந்தாலும் உங்கள் வாதத்துக்கு நல்ல துணை.

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் (வேலைக் குறிப்புத் தாள்) ‘கஸ்டமர் இன்ட்யூஸ்டு டேமேஜ்’ (வாடிக்கையாளரால் வந்த சேதம்) என்று எழுதியிருந்தால், ஏற்கவில்லை என்று குறிப்பு எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். லேப்டாப்பை இனி யாரையும் திறக்க விடாதீர்கள். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வுக்கூடச் சோதனைக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். ராம் போட்ட கடையின் பில்லும் வேண்டும். அந்தக் கடைக்காரர் திரை கேபிளை அசைத்திருந்தால், உங்கள் பக்கம் பலவீனம்தான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பல கம்பெனிகள் அங்கேயே இறங்கி வந்துவிடும். அப்புறம் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று மனுப் போடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாரன்ட்டி நிபந்தனையே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தாக்க ஆசை வரும். வேண்டாம், அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஒரு திரைக்காக அவ்வளவு தூரம் எதற்கு? இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும், அலைச்சலுக்கு இழப்பீடு வேண்டும், இவை இரண்டை மட்டும் கேளுங்கள்.