மர அச்சுப் படங்கள்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் (கேள்வி பதில்)

மர அச்சு, லினோ அச்சு (மரத்திலோ லினோலியம் பலகையிலோ படத்தைச் செதுக்கி, மை பூசித் தாளில் எடுப்பது) பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் எழுதி அனுப்புங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கேட்டவரின் சிங்கப்பூர்ப் பேட்டைப் பெயரை மட்டும் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். நான் செதுக்கி அச்சிடுகிறவள். மற்றவர்கள் அச்சிட்டதைச் சேர்க்கிறவளும்கூட. விற்பதில்லை. எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பொங்கோல்: அக்கா, பிரிண்ட் என்றாலே நகல்தானே? அசல் ஓவியம் வேறு எங்கோ இருக்கும். நகலுக்கு ஏன் இவ்வளவு விலை?

மர அச்சில் "வேறு எங்கோ" ஓர் அசல் கிடையாது. ஜப்பானியப் பழைய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் மெல்லிய தாளில் கோடுகளை வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் குப்புறக் கட்டையில் ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மீதியைச் செதுக்கி எடுப்பார். வேலை முடியும்போது அந்த வரைபடம் மரத்தூளோடு போய்விடும். அதன்பிறகு நிறத்துக்கு ஒரு கட்டை என்று தனித்தனியாகச் செதுக்குவார்கள். அச்சிடுபவர் ஒவ்வொரு கட்டையிலும் நிறம் பூசி, தாளை அதே இடத்தில் வைத்து, பாரென் என்ற வட்டமான தேய்ப்பானால் கையாலேயே தேய்த்து எடுப்பார். கடைசியில் கைக்கு வரும் தாள்தான் படைப்பு. ஐம்பது தாள் எடுத்தால் ஐம்பதும் அசல்.

கடையில் விற்கும் "ஆர்ட் பிரிண்ட்" வேறு. ஓர் எண்ணெய் ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து இங்க்ஜெட்டில் அச்சிட்டு, கீழே எண்ணும் போட்டு விற்பார்கள். சுவருக்கு அழகுதான், தப்பில்லை. ஆனால் அதைச் சேகரிப்பு என்று நினைத்துப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட்: பழைய பொருள் சந்தையில் ஜப்பானிய அலைப் படம் ஒன்றை 40 வெள்ளிக்கு வாங்கினேன். உண்மையா போலியா, எப்படிப் பார்ப்பது?

நீங்கள் சொல்வது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் "பேரலை", 1831 வாக்கில் வந்தது. அந்தக் காலத்துப் பிரதி ஒன்று 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் போனது. 40 வெள்ளிக்கு அது கிடைக்க வழியில்லை. ஆனாலும் உங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது சுவாரசியமான வேலை.

சட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வேண்டும், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பது. நீலப் பகுதியைப் பாருங்கள். கோலப் புள்ளி வைத்தது போல வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திரத்தில் போட்ட ஆஃப்செட் அச்சு. கதை அங்கேயே முடிந்தது. புள்ளியே இல்லாமல் நிறம் தாளுக்குள் ஊறினாற்போல் இருந்தால் மேலே போகலாம்.

அடுத்து தாளைத் திருப்புங்கள். நீர் கலந்த நிறம் நார்த்தாளில் இறங்கியிருக்கும்; பின்பக்கம் படத்தின் சாயல் தெரியும். பாரென் தேய்த்த வளைகோடுகளும் சில இடங்களில் தெரியும். பிறகு அறை விளக்கை அணைத்து, கைபேசி விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் பிடியுங்கள். கட்டை அழுந்திய இடம் பள்ளமாகவும் மற்ற இடம் மேடாகவும் நிழல் விழும். நல்ல அச்சில் வானத்து வெறும் நிறத்திலேயே மரத்தின் ரேகை ஓடுவதைப் பார்க்கலாம். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் உங்களுடையது பிற்காலத்தில் புதுக் கட்டை செதுக்கிக் கையால் அச்சிட்ட மறுபதிப்பாக இருக்கலாம். ஜப்பானில் இன்றும் அப்படி அச்சிடுகிறார்கள். அது போலி இல்லை, மறுபதிப்பு என்று சொல்லி விற்கும்வரை நேர்மையான பொருள்தான். 40 வெள்ளிக்கு நல்ல பேரம்.

செங்காங்: 3/50 என்றிருந்தால் 45/50-ஐவிட உயர்ந்ததா? ஏ.பி. என்று போட்டிருந்தால்?

இல்லை. 3/50 என்றால் மொத்தம் ஐம்பது பிரதியில் மூன்று என்று எண் போட்டது. எந்த வரிசையில் அச்சிட்டார்களோ அதே வரிசையில் எண் போட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மொத்தம் எத்தனை என்பதுதான் முக்கியம். ஏ.பி. என்றால் ஓவியர் தனக்கென்று ஒதுக்கிய பிரதி. பழைய ஜப்பானிய அச்சுகளில் எண்ணே இருக்காது. எண் இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம்.

தெம்பனிஸ்: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஜப்பான், சீனா என்றே பேசுகிறார்கள். நம் சிங்கப்பூரில் மர அச்சு மரபு உண்டா அம்மா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் ஐயா. உண்டு, அதுவும் மிக வலுவான மரபு. நம்மில் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1931-இல் எழுத்தாளர் லூ ஷுன் ஷாங்ஹாயில் இளம் ஓவியர்களுக்காக ஒரு மர அச்சுப் பயிலரங்கு நடத்தினார். அங்கிருந்து கிளம்பிய இயக்கம் கடல் கடந்து இங்கேயும் வந்தது. 1938-இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகத்தைச் சுற்றியிருந்த இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். காரணம் எளியது. ஒரு பலகை, ஒரு கத்தி, கொஞ்சம் கறுப்பு மை போதும். செதுக்கிய படத்தைப் பத்திரிகையிலும் போடலாம். கைவண்டிக்காரர், வேலைநிறுத்தம், கம்போங் வீடு, ஆற்றங்கரைக் கூலியாள் என்று 1950-களின் சிங்கப்பூர் முழுவதும் அந்தக் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. சீனப் பள்ளி மாணவர்கள் காவலர்களோடு மோதிய 1954 மே 13 சம்பவத்தைச் சூ கெங் குவாங் அதே ஆண்டில் செதுக்கினார். 1966-இல் ஆறு பேர் சேர்ந்து மர அச்சுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள்: லிம் யூ குவான், லிம் மூ ஹுவே, டான் டீ சீ, சீ சீன் டீ, ஃபூ சீ சான், கூடவே சூ கெங் குவாங்.

லிம் யூ குவான் 1966-இல் செய்த படம் ஒன்று புக்கிட் ஹோ சுவீ தீயைப் பற்றியது. 1961 மே 25 அன்று அந்தத் தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் அவ்வளவு வேகமாக எழுந்ததற்கு அந்தத் தீயும் ஒரு காரணம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். இவர் செதுக்கியது தீ அணைந்த பிறகு மிஞ்சியதை. கறுப்பில் வெள்ளையைத் தோண்டி எடுக்கும் கலை அது, கரிந்துபோன இடத்தைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான ஊடகம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் படங்கள் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளன. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கு அனுமதி இலவசம். தாளில் இருப்பதால் மாற்றி மாற்றித்தான் காட்சிக்கு வைப்பார்கள்; போகும் நாளில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. தேசிய மரபுடைமைக் கழகத்தின் ரூட்ஸ் இணையத்தளத்தில் ஓவியர் பெயரைத் தட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கட்டை செதுக்கிய ஆண்டும் தாளில் அச்சிட்ட ஆண்டும் வேறாக இருக்கலாம். ஐம்பதுகளில் செதுக்கிய கட்டையிலிருந்து பல ஆண்டு கழித்தும் பிரதி எடுக்க முடியும். விற்பவரிடம் இரண்டு ஆண்டையும் கேளுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஈசூன்: மதுரைக் கோயிலை ஒரு ஜப்பானியர் மர அச்சில் போட்டிருக்கிறாராமே? எங்கள் ஊர் மதுரை. வாங்க ஆசை.

யோஷிதா ஹிரோஷி. 1930 கடைசியில் கிளம்பி இந்தியாவையும் தென்கிழக்காசியாவையும் சுற்றினார். அந்தப் பயணத்தில் பிறந்த வரிசையில் தாஜ்மகால், காசி, எல்லோரா, மதுரைப் பெருங்கோயில் எல்லாம் உண்டு. அதே வரிசையில் "சிங்கப்பூர்" என்ற படமும் இருக்கிறது! மதுரையில் பிறந்து ஈசூனில் குடியிருக்கிற உங்களுக்கு இரண்டுமே பொருந்தும்.

வாங்கும்போது இடப்பக்க ஓரத்தைப் பாருங்கள். "ஜிசூரி" என்ற இரண்டு எழுத்து முத்திரை இருந்தால் அவர் மேற்பார்வையில் அச்சானது. கீழே பென்சிலில் ஆங்கிலக் கையெழுத்தும் இருக்க வேண்டும். 1950-இல் அவர் இறந்தபிறகு குடும்பத்தார் அதே கட்டைகளில் அச்சிட்டவற்றில் அந்த முத்திரை இருக்காது. கையெழுத்தும் அச்சாகவோ முத்திரையாகவோ இருக்கும். பிந்தியவை விலை குறைவு, அழகில் பெரிய குறையில்லை. வீட்டில் மாட்டி ரசிக்க அதுவே போதும் என்பேன். முந்தியதன் விலையைக் கொடுத்துப் பிந்தியதை வாங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஓரத்தை வெட்டிய பிரதி வேண்டவே வேண்டாம், பார்க்க வேண்டிய சாட்சியெல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9% பொருள் சேவை வரியையும் கணக்கில் வையுங்கள்.

பிடோக்: இரண்டே வருடத்தில் என் படத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஏன்? போக்க முடியுமா?

நம் ஊர்க் காற்று. இங்கே ஆண்டு சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. தாளுக்கு இதமானது 50 விழுக்காட்டையொட்டி. ஈரத்தில் பூஞ்சையும் தாளில் உள்ள இரும்புத் துகளும் சேர்ந்து அந்தப் புள்ளிகளை உண்டாக்குகின்றன. பிளீச், எலுமிச்சை என்று எதையும் வைத்துவிடாதீர்கள். மதிப்புள்ள படம் என்றால் காகிதப் பாதுகாப்பு தெரிந்த வல்லுநரிடம் மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் புள்ளி பரவாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

முதலில் எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? மழை அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். குளியலறைக்கும் சமையலறைக்கும் பக்கத்துச் சுவரும் வேண்டாம். இரவு முழுக்க ஏர்கான், பகல் முழுக்க ஜன்னல் திறப்பு என்று இருக்கும் படுக்கையறையில் தாள் தினமும் சுருங்கி விரியும். கூடத்தின் உள்சுவரே நல்லது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் முட்டு ஒட்டினால் பின்னால் காற்றோடும்.

அடுத்தது சட்டம் போடும் கடை. அமிலமில்லாத பருத்தி அட்டை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் சாதா அட்டைதான் வரும். படம் கண்ணாடியைத் தொடக்கூடாது, நடுவில் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) தரும் இடைவெளி வேண்டும். படத்தை அட்டையில் முழுசாக ஒட்டக்கூடாது. ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் தொங்கவிட்டால் போதும், பின்னால் தண்ணீரில் கழற்றிவிடலாம். செலோடேப்பும் லேமினேஷனும் ஒரு படத்தின் கதையை முடித்துவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் நேர்வெயில் ஆகாது. அருங்காட்சியகங்களே தாள் படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம்தான் தருகின்றன. பழைய ஜப்பானிய அச்சில் சில நீலங்கள் பூவிலிருந்து எடுத்தவை, வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

மாட்டாத படங்களைக் கேமரா வைக்கும் உலர்பெட்டியில் வைக்கலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வைக்கலாம். ஆனால் கேமராவுக்கு வைக்கும் 35 விழுக்காடு ஈரப்பதம் தாளுக்கு வறட்சி, 50-இல் நிறுத்துங்கள். வெள்ளிப்பூச்சிக்கு மாவுப் பசை என்றால் உயிர், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அங் மோ கியோ: லினோ அச்சு மரத்தைவிடக் குறைந்ததா?

உப்புச் சத்தியாகிரகத்தில் கோலூன்றி நடக்கும் காந்தியை நந்தலால் போஸ் 1930-இல் செய்தது லினோகட்தான். அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தோ பாயோ: 300 வெள்ளி வைத்திருக்கிறேன். எங்கே தொடங்கலாம்?

முதல் மாதம் வாங்கவே வாங்காதீர்கள். ராபர்ட்சன் கீயில் பழைய கிடங்குக் கட்டடத்தில் எஸ்டிபிஐ (STPI) என்ற அச்சுக்கலை மையம் இருக்கிறது. அமெரிக்க அச்சுக் கலைஞர் கென்னத் டைலரின் துணையோடு 2002-இல் தொடங்கியது. அச்சுப் பட்டறை, காகிதப் பட்டறை, காட்சிக்கூடம் மூன்றும் ஒரே இடத்தில். அங்கே போய் அச்சை அருகில் நின்று பாருங்கள். அப்புறம் கலைக்கல்லூரி மாணவர்களின் ஆண்டு இறுதிக் காட்சிகள், சிறு அச்சாளர்கள் கடை போடும் கலைச் சந்தைகள். உங்கள் பணத்தில் கையெழுத்தும் எண்ணும் போட்ட நல்ல படம் கிடைக்கும். செதுக்கியவரே எதிரில் நிற்பார். என்ன மரம், எத்தனை கட்டை, இன்னும் அச்சிடுவீர்களா என்று நேரிலேயே கேட்கலாம். அதே 300-க்குப் பேர்போன ஜப்பானியரின் கிழிந்த, வெளுத்த பிரதியை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

உட்லண்ட்ஸ்: பாட்டி வைத்திருந்த கலம்காரித் துணி இருக்கிறது. கட்டை அச்சா, ஸ்கிரீன் அச்சா? எப்படிப் பாதுகாப்பது?

மசூலிப்பட்டினத்துப் பக்கம் பெடனாவில் தேக்குக் கட்டையில் அச்சிடுவார்கள். காளஹஸ்தி வகை எழுதுகோலால் வரைவது. கட்டை அச்சில் பூவரிசை தொடரும் இடத்தில் ஒரு நூலளவு ஏற்றத்தாழ்வு இருக்கும், சில இலை அழுத்தமாகவும் சில மங்கலாகவும் விழும். வரிசை முழுக்கப் பிசகே இல்லாமல், நிறம் மேலாக மட்டும் உட்கார்ந்திருந்தால் ஸ்கிரீன். கடுக்காயும் படிகாரமும் இரும்புக் கறுப்பும் சேர்ந்த பழைய வேலை என்றால் கறுப்புக் கோடு இருக்கும் இடத்தில் துணி இற்றுப்போகும். மடித்த மடிப்பிலேயே வைக்காமல் அமிலமில்லாத தாள் சுற்றி உருளையில் சுருட்டி வையுங்கள். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து தென்கிழக்காசியாவுக்கு ஏற்றுமதியான துணிகள் இருக்கின்றன. உங்கள் பாட்டி துணியின் மூதாதையரை அங்கே பார்க்கலாம்.

சுவா சூ காங்: பத்து வயது மகள் தானும் செதுக்க வேண்டும் என்கிறாள். விடலாமா?

தாராளமாக விடுங்கள். மரம் வேண்டாம், பிராஸ் பசா கடைகளில் மென்மையான ரப்பர் பலகை கிடைக்கும். உளி எப்போதும் உடம்பைவிட்டு வெளிப்பக்கம் போகட்டும், பலகையைப் பிடிக்கும் கை உளிக்குப் பின்னாலேயே இருக்கட்டும். எழுத்தைச் செதுக்கினால் கண்ணாடியில் தெரிவது போல் திருப்பி எழுத வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அச்சு இயந்திரம் எதுவும் தேவையில்லை. மெல்லிய தாளை மேலே வைத்து மரக்கரண்டியின் முதுகால் ஓரம்வரை ஒரே சீராகத் தேய்க்கச் சொல்லுங்கள். நீர் மையாக இருந்தால் மேசையையும் எளிதில் கழுவிவிடலாம். முதல் தாளில் அவளையே பென்சிலில் எண் போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.