வேளச்சேரியிலிருந்து மாதவரம்: 100 அடி ரோடு எதுவரை போகும்?

வேளச்சேரியில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பா அம்மாவுக்கு மாதவரத்தில் நெல்லூர் பஸ், காரில் கொண்டுபோய் விட வேண்டும், 100 அடி ரோட்டைப் பிடித்தால் நேராகப் போய்விடலாம் என்கிறார்கள், ஆனால் மேப்பில் ஒரு இடத்தில் உள்வட்டச் சாலை, ஒரு இடத்தில் ஜவஹர்லால் நேரு சாலை, கொளத்தூர் பக்கம் 200 அடி சாலை என்று வருகிறது, இதெல்லாம் ஒன்றா, இல்லை பைபாஸில் போவது மேலா?

எல்லாம் ஒன்றுதான். நெடுஞ்சாலைத் துறைக் கணக்கில் இது மாநில நெடுஞ்சாலை 2. தெற்கே திருவான்மியூர் பக்கம் தொடங்கி, தரமணி, வேளச்சேரி, கிண்டி கத்திப்பாரா, அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம், பாடி, ரெட்டேரி வழியாக மாதவரம் வரை, மொத்தமே 25 கிலோமீட்டர் சொச்சம். முழுக்க ஊருக்குள்ளேயே ஓடும் நெடுஞ்சாலை. 200 அடி சாலை என்றால் மட்டும் கொஞ்சம் கவனம், பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலைக்கும் அதே பெயர்தான். மேப்பில் தேடும்போது கொளத்தூர் அல்லது மாதவரம் என்று சேர்த்துப் போடுங்கள்.

இந்தச் சாலை எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்துகொண்டால் எங்கே எந்த லேனில் நிற்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும். சென்னையின் பழைய பெரிய சாலைகள் எல்லாமே கோட்டைப் பக்கமிருந்து வெளியே விரிகிறவை. மவுண்ட் ரோடு, ஆற்காடு சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகிற எம்.டி.எச். ரோடு, கல்கத்தா போகிற ஜி.என்.டி. ரோடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் ஊர் நடுவே போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அவற்றையெல்லாம் குறுக்கே கோத்துவிடத்தான் இந்த வளையம். கிழக்கே கடல், அதனால் முழு வட்டம் கிடையாது, பாதிதான். ஒரே மூச்சில் போட்ட சாலையும் அல்ல, துண்டு துண்டாக ஊரோடு சேர்ந்து வளர்ந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் நிலைத்தது அதனால்தான்.

ஆக, ஒவ்வொரு பெரிய சந்திப்பிலும் வேறொரு பெரிய சாலை உங்களைத் தன் பக்கம் இழுக்கும். இந்த வழியில் தவறு நடப்பது அங்கேதான், நடுவில் அல்ல.

வேளச்சேரியிலிருந்து ஆதம்பாக்கம் பக்கமாக வந்து, தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் ரயில் பாதையைக் கடந்து, ஜி.எஸ்.டி. சாலைக்கு ஏறி கத்திப்பாராவுக்கு வருவீர்கள். நல்ல மழை நாளில் இந்தச் சுரங்கப்பாதையை நம்பாதீர்கள், தண்ணீர் தேங்கினால் மூடிவிடுவார்கள். அன்றைக்கு வேளச்சேரி மெயின் ரோடு வழியாகச் சின்னமலைப் பக்கம் வந்து கிண்டியைப் பிடிப்பது உத்தமம்.

கத்திப்பாராதான் முதல் சோதனை. நேரு சிலை நிற்கும் இந்தச் சந்திப்பில் 2008 அக்டோபரில் திறந்த மேம்பாலம் நான்கு பெரிய சாலைகளைச் சேர்க்கிறது. பாலத்தின் மேலே ஏறியபிறகு யோசிக்க நேரமே இருக்காது, ஒரு பிரிவு தவறினால் போரூர் பக்கமோ கிண்டி பக்கமோ போய்விடுவீர்கள், திரும்பி வர நேரம் பிடிக்கும். பச்சைப் பலகையில் அசோக் நகர், கோயம்பேடு என்ற பெயர்களை மட்டும் தேடுங்கள், மாதவரம் என்ற பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். தவறிவிட்டதா, பரவாயில்லை, அப்படியே போய் முறையாகத் திரும்பி வாருங்கள். பாலத்தில் வண்டியை நிறுத்துவதோ ரிவர்ஸ் எடுப்பதோ உயிரோடு விளையாடுகிற காரியம், தினமும் யாராவது செய்கிறார்கள், வயிறு கலங்குகிறது.

அங்கிருந்து கோயம்பேடு வரை வழி கேட்கவே வேண்டாம், தலைக்கு மேலே மெட்ரோ கூடவே வரும். 2015 ஜூன் 29 அன்று சென்னையில் முதன்முதலாக மெட்ரோ ஓடியது ஆலந்தூர்–கோயம்பேடு இடையே, இந்தச் சாலைக்கு மேலேதான். ஈக்காட்டுத்தாங்கல் தாண்டியதும் அடையாற்றுப் பாலம். அதே 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கமும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடபழனியில் ஆற்காடு சாலையைக் கடக்க மேம்பாலத்தில் ஏறிவிடுங்கள், கீழே கோயிலுக்குப் போகிற கூட்டம், முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம்.

கோயம்பேட்டில் இரண்டு பாலங்கள். பஸ் நிலையத்துக்கு முன்னால் காளியம்மன் கோயில் தெரு சந்திப்பில் இருப்பது 2021 நவம்பரில் திறந்தது, அடுத்தது பூந்தமல்லி நெடுஞ்சாலைச் சந்திப்பு. இரண்டாவதற்கு நிலம் எடுத்தபோதுதான், 2007ல், விஜயகாந்தின் கல்யாண மண்டபத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். இன்று அவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் அதே வளாகத்தில்தான். இரண்டு பாலத்திலும் மேலேயே போங்கள். கீழே இறங்கினால் பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், மார்க்கெட் வண்டிகள். நள்ளிரவு தாண்டி விடிகிற வரை காய்கறி லாரிகள் வரிசை கட்டும், அதனால் 'சீக்கிரம் கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும்' என்கிற கணக்கு இந்த ஒரு இடத்தில் பலிக்காது.

அப்புறம் கூவத்தைக் கடந்து திருமங்கலம், பாடி. பாடியில் இடப்பக்கம் போனால் அம்பத்தூர், ஆவடி. நீங்கள் ரெட்டேரி என்ற பலகையைப் பிடித்து நேராக. இதற்குப் பிறகு சாலை அகலமாகிறது, ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கிற பகுதி, தடுப்புகள் அடிக்கடி இடம் மாறும், போன மாதம் போன நினைவில் ஓட்ட வேண்டாம். மாதவரம் ரவுண்டானாவை ஒட்டியே பஸ் நிலையம், 2018ல் திறந்தது, ஆந்திரா பஸ்களுக்காகவே.

பைபாஸைப் பற்றிக் கேட்டீர்கள். பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை 32 கிலோமீட்டர், சிக்னல் இல்லை, சுங்கம் உண்டு. தாம்பரம், குரோம்பேட்டையில் இருப்பவருக்கு அதுதான் சரி. நீங்கள் அதைப் பிடிக்கவே முதலில் தெற்கே போக வேண்டும், புழலில் இறங்கி மறுபடி தெற்கே மாதவரத்துக்கு வர வேண்டும். வேண்டாம். ஒரு மணி நேரம் என்று மேப் காட்டினால், வயதானவர்களோடு போகும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

வழியில் பெரிய பள்ளம் கண்ணில் பட்டால் மாநகராட்சிக்குப் புகார் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், இது மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை. அவர்களுடைய 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு, இடம் குறித்து அனுப்புங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே அல்ல, பஸ் நிலையத்தில் நிறுத்தியபிறகு.